சாயங்காலமானால் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்கிறது, எந்த டெஸ்ட் முதலில்?

பசுன்டவுங் கணக்கப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் இருக்கிறேன், வயது 41, மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை. காலை எட்டிலிருந்து ராத்திரி ஏழு வரை நாற்காலியை விட்டு எழுவது மூத்திரத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். ஐந்து மாதமாக வயிறு உப்புசம். காலையில் படுக்கையை விட்டு எழும்போது ஒன்றுமே நடக்காதது போல வயிறு ஒட்டிக் கிடக்கும். பதினொரு மணிக்கு மேல் மெல்ல ஏற ஆரம்பித்து நாலு அஞ்சு மணிக்கெல்லாம் கைலியை இரண்டு தரம் அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. ஏப்பம் வரும், வந்தாலும் லேசாவதில்லை. பெரிய வலி கிடையாது, மேல்வயிற்றில் யாரோ கயிறு போட்டு இறுக்கியது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மலம் சில நாள் சிக்கல், சில நாள் இளக்கம்.

பக்கத்துத் தெரு டாக்டர் வயிற்றை ரெண்டு தட்டு தட்டிவிட்டு கேஸ் என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு வாரமாகத் தினமும் போடுகிறேன். கொஞ்சம் நெஞ்செரிச்சல் இருந்தது, அது போய்விட்டது. உப்புசம் மட்டும் அப்படியே. நடுவில் நானாகவே ஒரு லேபுக்குப் போய் ஹெச் பைலோரி என்கிற வயிற்றுக் கிருமிக்கு மலம் கொடுத்துப் பார்த்தேன், நெகட்டிவ். கவுண்டரில் இருந்த பெண் அதோடு விடவில்லை, ஒரே ரத்தத்தில் தொண்ணூறு வகைச் சாப்பாட்டுக்கு ஒவ்வாமை பார்க்கிற பேக்கேஜ் இருக்கிறது என்று ஒரு வண்ண நோட்டீசை நீட்டினாள். விலை என் அரை மாதச் சம்பளம்.

சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன், பேசாமல் இங்கே வந்து எண்டோஸ்கோப்பி பார்த்துவிடு என்கிறான். அம்மா ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறார்கள். மனைவி டீயை நிறுத்தச் சொல்கிறாள், அது நடக்கிற காரியம் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது, எந்த டெஸ்ட்டை முதலில் எடுப்பது, எதெல்லாம் வீண் செலவு?


டீக்கடை பெஞ்ச்:

அண்ணே, வயிற்றுக்கு வெளியே நடந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், உள்ளே என்ன போகிறது என்று ஒரு வரி இல்லை. ஒரு நாள் சாப்பாட்டை விடாமல் எழுதுங்கள் பார்க்கலாம். அண்ணி சொன்னதைக் கடைசியில் ஒளித்து வைத்திருப்பதும் கண்ணில் பட்டது.


பசுன்டவுங் கணக்கப்பிள்ளை:

நேற்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று சொல்கிறேன். காலை ஆறரைக்குத் தெருமுனைக் கடையில் பே-பியோவும் (வேகவைத்த பயறு) நாம்பியாவும் (நான் ரொட்டி), ச்சோ-செயின் டீ இரண்டு. பத்து மணிக்குக் கடைப் பையன் பார்சலில் இன்னொரு டீ கொண்டுவந்தான், கூட எண்ணெயில் பொரித்த கோதுமை மாவு ஈச்சாகுவே ஒன்று. மதியம் வீட்டுச் சாப்பாடு, சாதம், சாம்பார், மீன். நேரமில்லை, பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். மூன்று மணிக்கு நாலாவது டீ. ஆறு மணிவாக்கில் பசித்தால் லபெத்தோ (ஊறவைத்த தேயிலைக் கலவை), இல்லையென்றால் ஷான் தொஹு. ராத்திரி ஒன்பதுக்குச் சாதமோ தோசையோ. நடுநடுவே குளிர்பானம், வெயில் தாங்கவில்லை. எழுதி முடித்த பிறகு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.


லேப்காரன்:

தம்பி, நான் டாக்டர் இல்லை. லேபில் இருபது வருஷமாக டப்பா வாங்குகிற ஆள், அந்த அளவுக்குத்தான் என் பேச்சை எடுத்துக்கொள்.

முதலில் அந்தத் தொண்ணூறு வகைப் பேக்கேஜை மறந்துவிடு. அதில் பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதம். நீ அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு அது ரத்தத்தில் இருப்பது இயல்பு. உடம்பு அந்தச் சாப்பாட்டைப் பார்த்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம் இல்லை. அரிசியும் பருப்பும் மீனும் சிவப்பாக வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனி என்ன சாப்பிடுவது என்று தெரியாமல் நின்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உன் நெகட்டிவ். ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டே மலம் கொடுத்தாயா? அப்படியானால் அந்த ரிசல்ட்டை நம்பாதே. அந்த மாத்திரை கிருமியைக் கொல்லாது, அடங்கி ஒடுங்க வைக்கும். எண்ணிக்கை குறைந்துவிடுவதால் இருக்கிற கிருமியே டெஸ்ட்டில் தெரியாமல் போய்விடும். மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுகிற ஆன்டிஜன் டெஸ்ட் ஆனாலும் மூச்சில் பார்க்கிற யூரியா டெஸ்ட் ஆனாலும், ஒமிப்ரசோல் வகை மாத்திரையை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், ஆன்டிபயாட்டிக்கும் பிஸ்மத் என்கிற வயிற்று மருந்தும் 4 வாரம். இதைக் கவுண்டரில் யாரும் கேட்பதில்லை, நீயும் சொல்லியிருக்க மாட்டாய். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொடு. ரத்தத்தில் பார்க்கிற ஹெச் பைலோரி மலிவு என்று அதற்குப் போகாதே, எப்போதோ வந்து போன கிருமிக்குக்கூட அது பாசிட்டிவ் காட்டும்.

அந்தக் கிருமி சாதாரணப்பட்டது இல்லை. அல்சருக்கு அதுதான் காரணம் என்று யாரும் நம்பாததால் பாரி மார்ஷல் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் அதைக் கலக்கித் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. ஆனால் ஒன்று, கிருமி இருந்து அதைக் கொன்றாலும் உப்புசம் கட்டாயம் போய்விடும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் போகும், சிலருக்குக் குறையும், பலருக்கு ஒன்றும் ஆகாது.

அதோடு மலம் ரொட்டீன் ஒன்றும் எழுதச் சொல். நம் ஊர்த் தண்ணீரில் ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி சகஜம், வாரக்கணக்கில் உப்புசமும் நாற்ற ஏப்பமும் இளக்கமுமாக இழுத்தடிக்கும். ஒரு தடவை பார்த்தால் தப்பிப் போகலாம், வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுத்தால் நல்லது. டப்பாவில் மூத்திரம் கலக்கக் கூடாது, முந்தின ராத்திரி எடுத்து வைத்ததைக் கொண்டுவரக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், பாதி டப்பா அப்படித்தான் வருகிறது.

ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிற சிபிசி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சர்க்கரை, கல்லீரல், இவ்வளவு போதும். ரத்தசோகை இருக்கிறதா என்று சிபிசி காட்டிக்கொடுக்கும், அது இருந்தால் கதையே வேறு. தைராய்டு மந்தமானால் குடலும் மந்தமாகி மலச்சிக்கலோடு வயிறு உப்பும். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு டிடிஜி ஐஜிஏ என்று ஒன்று உண்டு, நம் தென்னாட்டு வம்சத்தில் அது குறைவுதான். பார்ப்பதாக இருந்தால் அதுவரை நாம்பியாவையும் ஈச்சாகுவேயையும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிரு. கோதுமையை நிறுத்திவிட்டு அந்த டெஸ்ட்டுக்குப் போனால் நோய் இருப்பவனுக்கும் நெகட்டிவ் வரலாம்.

எண்டோஸ்கோப்பி இப்போதைக்கு எதற்கு? எடை குறைகிறதா, சாப்பாடு தொண்டையில் சிக்குகிறதா, வாந்தி நிற்கவில்லையா, மலம் தார் மாதிரி கறுப்பாகவோ ரத்தமாகவோ போகிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பி வெளியே போக வைக்கிறதா, காய்ச்சல் உண்டா, ரத்த சொந்தத்தில் யாருக்காவது வயிற்றிலோ குடலிலோ புற்றுநோய் இருந்ததா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்காராதே, உடனே கிளம்பு.


டீக்கடை பெஞ்ச்:

லேப் அண்ணன் டாக்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார், நான் டீ பக்கத்தைப் பார்க்கிறேன். எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தவர், டம்ளருக்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரியும். ச்சோ-செயின் என்றால் அடியில் இனிப்பு டின் பால் தாராளமாக இரண்டு கரண்டி, மேலே இனிப்பில்லாத டின் பால் ஒரு சுற்று, நடுவில் கொதிக்கிற சாயம். இனிப்பு டின் பால் 100 கிராமில் 10 கிராமுக்குக் கொஞ்சம் மேலேயே லாக்டோஸ் இருக்கிறது, தண்ணீரை வற்றவைத்த பால் ஆயிற்றே. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. அதை உடைக்கிற லாக்டேஸ் என்கிற நொதி பிள்ளைப் பருவத்துக்குப் பிறகு நம்மில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும், உலகத்துப் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இதே கதைதான். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவாக்கிவிடும். தோசை மாவு ராத்திரியில் பாத்திரத்தை மீறுகிறதே, அதே வேலைதான், பாத்திரம் மட்டும் வேறு.

ஒரே நேரத்தில் 12 கிராம் வரை பலர் தாங்குகிறார்கள். அண்ணன் காலையில் அடுத்தடுத்து இரண்டு டம்ளர் இறக்குகிறார், இறக்கியது போதாதென்று மேலே பே-பியோ. பயறு வகையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரை. அவற்றை உடைக்கிற நொதி எந்த மனிதன் குடலிலும் கிடையாது, உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பே-பியோ முளைகட்டி வேகவைப்பது என்பதால் கொஞ்சம் குறையும். ஷான் தொஹு கடலை மாவு, சாம்பார் துவரம் பருப்பு, லபெத்தோவில் வறுத்த பயறும் பூண்டும். பூண்டிலும் வெங்காயத்திலும் நாம்பியாவிலும் ஃப்ரக்டான், அதுவும் இதே ஜாதி. உங்கள் ஒரு நாள் சாப்பாட்டில் வாயு தராதது மீனும் சாதமும்தான் அண்ணே.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இந்தப் புளிக்கிற சர்க்கரைகளையெல்லாம் ஃபாட்மேப் என்று ஒரே பெயரில் கட்டி, சில வாரம் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, வீட்டிலும் சண்டை வரும். முதலில் பாலை மட்டும் 2 வாரம் நிறுத்துங்கள். டீ வேண்டாம் என்று சொல்லவில்லை. மேசையில் ஃபிளாஸ்கில் சும்மா வைத்திருக்கும் யேநுவேஜான், அதாவது பால் இல்லாத வெறும் தேநீர், எத்தனை வேண்டுமானாலும் குடியுங்கள். இனிப்புக் குறைந்த போ-ஜா டீ சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள், அதிலும் பால் உண்டு. குளிர்பானத்தையும் விட்டுவிடுங்கள், அது நேராகக் காற்றை விழுங்குவதுதான். பத்து நிமிடச் சாப்பாடும் அப்படித்தான்.


மோல்மேன் அக்கா:

தம்பிமார்களே, நல்லாத்தான் பேசுகிறீர்கள். இதைப் பெண்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் மாமியாருக்கு 58 வயதில் வயிறு உப்ப ஆரம்பித்தது. கணக்கப்பிள்ளைக்கு மாதிரி சாயங்காலம் ஏறிக் காலையில் இறங்குகிற உப்புசம் இல்லை அது. ஏறியது ஏறியபடியே நின்றது. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்பார்கள், அடிக்கடி மூத்திரம் வரும். நாங்கள் வாயு வாயு என்று சுக்கும் பெருங்காயமும் கொடுத்துக்கொண்டே மூன்று மாதத்தை ஓட்டினோம், போன இடத்திலும் கேஸ் மாத்திரைதான் கொடுத்தார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்தபோது முகமும் கையும் இளைத்திருக்க வயிறு மட்டும் கனத்துக் கிடந்ததை நான்தான் கவனித்தேன். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி, வயிற்றில் நீர். அதற்கு மேல் எழுத மனம் இல்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக உப்புசம் வந்து இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால் முதல் டெஸ்ட் வயிற்று ஸ்கேனும், சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கிற சிஏ 125 ரத்தப் பரிசோதனையும்தான். ஸ்கேன் என்றால் ஊசி இல்லை, வலி இல்லை, ஆறேழு மணி நேரம் பட்டினி இருந்து, சினைப்பையும் தெரிய மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போனால் போதும். மஞ்சள் காமாலை வந்த குடும்பம், குடிக்கிற குடும்பம் என்றால் ஆண்களும் கல்லீரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றில் நீர் கட்டுவதையும் நம் ஆட்கள் வாயு என்றுதான் சொல்வார்கள்.


சர்க்கரைப் பார்ட்டி:

அக்கா சொன்னதற்குப் பிறகு என் விஷயம் சின்னது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பித்த மாதம் எனக்கு வயிறு பலூன். நான் குடல்நோய் என்று பயந்து அலைந்தேன், டாக்டர் மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு போடச் சொன்னார், சரியாகிவிட்டது. என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற பட்டியலையும் டாக்டரிடம் நீட்டுங்கள்.


லேப்காரன்:

மோல்மேன் அக்கா சொன்னதை என் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போனது என் தவறு.

தம்பிக்கு இன்னொன்று. உப்புகிறவர்கள் எல்லோருடைய வயிற்றிலும் வாயு கூடுதலாக இல்லை. சாதாரணமாகக் குடலில் இருப்பது 200 மில்லி அளவுதான். உப்பித் தெரியும் நேரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பலருக்கு வாயு பெரிதாகக் கூடவில்லை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்கிற தசை கீழே இறங்கி வயிற்றுச் சுவர் தளர்ந்து முன்னால் தள்ளியிருந்தது. கொஞ்சம் வாயுவையே குடல் பெரிய இறுக்கமாக உணர்ந்து உடம்பை அப்படித் தள்ள வைக்கிறது. பதினோரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து கணக்கெழுதினால் அதற்கு வசதிதானே. சாப்பிட்டதும் கால் மணி நேரம் நட.

லாக்டோஸுக்கு ஹைட்ரஜன் மூச்சு டெஸ்ட் இருக்கிறது. சென்னைக்கோ பாங்காக்கிற்கோ போகிறபோது எடுப்பதாக இருந்தால் முந்தின ராத்திரி வெறும் சாதமும் மீனும், பருப்பு கூடாது, பிறகு பட்டினி. அங்கே லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்துக் கால் மணி, அரை மணிக்கு ஒரு தரம் ஊதச் சொல்வார்கள், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஆரம்ப அளவைவிட ஹைட்ரஜன் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் பாசிட்டிவ். அன்றைக்கு பீடி சிகரெட் தொடக் கூடாது, 4 வாரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்திருக்கக் கூடாது. இவ்வளவும் செய்து தெரிந்துகொள்வதைப் பெஞ்ச் தம்பி சொன்ன இரண்டு வாரமே முக்கால்வாசி சொல்லிவிடும்.


பசுன்டவுங் கணக்கப்பிள்ளை:

நாலு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கணக்கு முடிக்கிற நேரம்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒமிப்ரசோலை நிறுத்தினேன். முதல் நாலு நாள் நெஞ்செரிச்சல் பழிவாங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பாலையும் அன்றே நிறுத்தினேன். பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரவு செலவு மாதிரி எழுதினேன், இடப்பக்கம் சாப்பிட்டது, வலப்பக்கம் கைலி எத்தனை மணிக்கு இறுகியது. ஆறாம் நாளிலிருந்து நாலு மணிக்கு இறுகியது ஏழு மணிக்குப் போனது. சில நாள் இறுகவே இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கல்யாணத்தில் மறந்துபோய் பாயசம் இரண்டு கிண்ணம், இரண்டு மணி நேரத்தில் வயிற்றுக்குள் தவில் வாசித்தது. அப்புறம் அமாவாசை விரதத்துக்குச் சுண்டலும் பருப்பும், பால் இல்லாமலே அன்றைக்கு உப்பியது. ஆக இரண்டும்தான், பால் பெரிய பங்கு.

சிபிசி, டிஎஸ்ஹெச், சர்க்கரை எல்லாம் சரி. மலம் மூன்று தடவை, டப்பா சுத்தமாகக் கொடுத்தேன் அண்ணே, ஜியார்டியா இல்லை. ஹெச் பைலோரி இந்தத் தடவை பாசிட்டிவ். அதே லேப், அதே டெஸ்ட், இடையில் மாத்திரை நிறுத்திய இரண்டு வாரம் மட்டும்தான் வித்தியாசம்.

பதினாலு நாள் வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு வகை மாத்திரை, எண்ணினால் கைநிறைய வருகிறது. முந்தாநாள் கண்ணாடியில் பார்த்தால் நாக்கு கரி பூசியது மாதிரி கறுப்பு, மலமும் கறுப்பு. அம்மா சாமி அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். லேப் அண்ணன் தார் மாதிரி என்று எழுதியது ஞாபகம் வந்து எனக்கும் கை நடுங்கியது. இது என்ன?


லேப்காரன்:

பிஸ்மத் இருக்கிறதா அந்த நாலில்? அது எச்சிலிலும் குடலிலும் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகிறது, மருந்து முடிந்ததும் போய்விடும். அம்மாவை வெளியே கூப்பிடு. ரத்தத்தால் வருவது பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றம் வேறு மாதிரி இருக்கும், தலைசுற்றல் வரும். அப்படி இருந்தால் மட்டும் ஓடு. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, ஒமிப்ரசோல் இல்லாமல் 2 வாரம் இருந்து, திரும்ப மலம் கொடு. போய்விட்டதா என்று பார்க்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

நாலில் டெட்ராசைக்ளின் இருந்தால் அதைப் பாலோடு போடாதே, பாலில் இருக்கும் கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடம்பில் ஏறாது. மெட்ரோனிடசோல் இருந்தால் மது தொடாதே.


பசுன்டவுங் கணக்கப்பிள்ளை:

இரண்டும் இருக்கிறது அண்ணே. மது பழக்கம் கிடையாது. டெட்ராசைக்ளின் நாளைக்கு நாலு வேளை, நான் குடித்துக்கொண்டிருந்த டீயும் நாளைக்கு நாலு. இதை வாய்விட்டுப் படித்தபோது மனைவி அடுப்படியில் இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை, யேநுவேஜான் ஃபிளாஸ்கை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.